பயனாளிப் பட்டியலைப் பாதுகாப்பது யார்? வீடமைப்பு நிறுவனங்களின் பணியாளர்களும் சைபர் விழிப்புணர்வும்

இங்கிலாந்தின் மிகப்பெரிய வீடமைப்புச் சங்கமான கிளேரியன் ஹவுசிங் குரூப்பின் கணினி வலையமைப்பு 2022 ஜூன் 17ஆம் திகதி சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த நிறுவனத்திடம் சுமார் 125,000 வீடுகள் இருந்தன. அவற்றில் 350,000 வரையான மக்கள் குடியிருந்தனர். தாக்குதலையடுத்து தொலைபேசி இணைப்புகளும் திருத்த வேலைகளைப் பதிவுசெய்யும் முறைமையும் செயலிழந்தன. அவசரமென்றால் மட்டும் அழையுங்கள் என்று குடியிருப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. கூரை ஒழுகுவோர், குளியலறைக் குழாய் உடைந்தோர், வாடகை விபரம் அறிய வேண்டியோர் எனப் பலரும் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஒரு வங்கி தாக்கப்பட்டால் அதன் வாடிக்கையாளர் வேறு வங்கிக்குப் போகலாம். அரச அல்லது சமூக வீடமைப்பில் தங்கியிருக்கும் ஒருவர் அப்படி இடம் மாற முடியாது. அவருடைய பெயர், வருமானம், நோய், குடும்ப நிலை எல்லாம் அந்த நிறுவனத்தின் கோப்பில் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பும் அவருக்கு இருக்கவில்லை. கொடுத்தால்தான் வீடு. எனவே அந்தத் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு முழுவதும் வாங்கியவர்களிடமே இருக்கிறது. நடைமுறையில் அது கோப்பைத் திறக்கும், மின்னஞ்சலை அனுப்பும், தொலைபேசிக்குப் பதில் சொல்லும் சாதாரண பணியாளர்களின் கையில் இருக்கிறது.

வீடமைப்பு நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு சைபர் விழிப்புணர்வு ஏன் தேவை, அதில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை, எங்கிருந்து தொடங்கலாம் என்பவற்றை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஒரு மறக்கப்பட்ட கணக்கு: ஹக்னியின் பாடம்

கிழக்கு இலண்டனின் ஹக்னி உள்ளூராட்சி சபை 2020 ஒக்டோபரில் கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்பதே இந்த மென்பொருளின் வேலை. ஹக்னி ஆயிரக்கணக்கான வீடுகளைத் தானே வாடகைக்கு விடும் சபை. தாக்குதலின் பின்னர் வீட்டுக்காகக் காத்திருப்போரின் பதிவேடு, வீட்டு உதவிக் கொடுப்பனவு, காணி மற்றும் கட்டடம் தொடர்பான தேடல் சேவை ஆகியன நீண்டகாலம் பாதிக்கப்பட்டன. அந்தத் தேடல் அறிக்கை கிடைக்காததால் வீடு வாங்க முடியாமல் அந்தரித்தவர்களும் உண்டு. 2021 ஜனவரியில், திருடப்பட்ட ஆவணங்களில் ஒரு பகுதியை பைசா என்ற குழு இணையத்தின் இருண்ட பக்கத்தில் வெளியிட்டது.

பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2024 ஜூலையில் இதுபற்றிய தன் கண்டனத்தை வெளியிட்டது. 440,000 கோப்புகள் பூட்டப்பட்டிருந்தன என்றும், குறைந்தது 280,000 குடியிருப்பாளர்களும் ஏனையோரும் பாதிக்கப்பட்டனர் என்றும் அது கூறியது. பூட்டப்பட்ட தகவல்களில் இனம், மதம், உடல்நலம், பொருளாதார நிலை பற்றியவையும் அடங்கும். காரணங்களாக அந்த அலுவலகம் சுட்டிக்காட்டியவை மிகச் சாதாரணமானவை. பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் எல்லாக் கணினிகளிலும் முறையாகச் செய்யப்பட்டிருக்கவில்லை. யாரும் பாவிக்காத பழைய கணக்கொன்று நீக்கப்படாமல் வலையமைப்போடு இணைந்தே இருந்தது. அந்தக் கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சொல். தான் சட்டக் கடப்பாட்டை மீறவில்லை என்று சபை வாதிட்டது. ஆனால் அந்தக் கணக்கு அங்கே இருந்ததற்கு உயர்தொழில்நுட்பம் எதுவும் காரணமல்ல. ‘இது யாருடையது, இன்னும் தேவையா?’ என்று எவரும் கேட்காததே காரணம்.

எங்கள் நாட்டுக்கு இது தூரத்துக் கதையா?

இல்லை. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் முறைமை இதே வகை மென்பொருளால் தாக்கப்பட்டது. அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கான மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள். முந்தைய வாரங்களில் அரச மின்னஞ்சல் பாவனையாளர்களுக்குச் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் வந்ததாகவும், எவரேனும் ஒருவர் அதனைச் சொடுக்கியிருக்கலாம் என்றும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அப்போது தெரிவித்திருந்தது.

இனி எங்கள் வீடமைப்புத் துறையைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, தொடர்மாடிகளை அமைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபை, மலையகத்தில் மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், பிரதேச செயலகங்கள், இவற்றோடு இணைந்து வேலை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்கள் என்று பல கைகள் இதில் இருக்கின்றன. போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் மாத்திரம் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளும் மலையகத்தில் 4,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் தவணை தவணையாக நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கிய பின்னர் வீடிழந்தோரின் விபரங்கள் மறுபடியும் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டன. ஒவ்வொரு திட்டமும் ஒரு பட்டியலில் தொடங்குகிறது. பட்டியல் எக்செல் கோப்பாகிறது. கோப்பு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பயணிக்கிறது.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கும்? பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திர விபரம். பயனாளித் தெரிவுக்குப் புள்ளி வழங்கப்படுவதால் பெண் தலைமைத்துவக் குடும்பமா, மாற்றுத்திறனாளி உண்டா, வயோதிபர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர் என்ற விபரங்களும் இருக்கும். எங்கள் அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமும் அல்ல. பிறந்த ஆண்டும் நாளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு நாளின் எண்ணோடு 500 கூட்டப்படுவதால் பாலினமும் தெரிந்துவிடும். ஆக, ‘தனியாக வாழும் பெண், இந்த வயது, இந்த ஒழுங்கை, இந்த வங்கி’ என்பதை ஓர் அந்நியர் ஒரே வரியில் வாசித்துவிடலாம். வடக்கு கிழக்கில் இத்தகைய விபரம் தவறான கையில் சேர்வதன் ஆபத்து பண இழப்போடு நின்றுவிடாது என்பதை இங்கு வேலை செய்வோர் அறிவார்கள்.

எந்த வழியால் வருகிறார்கள்?

வீடமைப்பு அலுவலகம் ஒன்றின் நாளாந்த வேலையையே மோசடிக்காரர்கள் தமக்கு வழியாக்கிக்கொள்கிறார்கள். முக்கியமான ஐந்து வழிகள் இவை.

முதலாவது, ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மின்னஞ்சல். ‘திருத்திய பயனாளிப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது’, ‘உங்கள் மின்னஞ்சல் கொள்ளளவு முடிந்துவிட்டது, இங்கே உள்நுழையவும்’ என்ற மாதிரி வரும். சொடுக்கினால் உண்மையானதைப் போன்ற ஒரு பக்கம் திறக்கும். அதில் எழுதும் கடவுச்சொல் நேரே திருடனிடம் போகும். இதேவகைக் குறுஞ்செய்திகள் இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் பரவி, திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது நினைவிருக்கலாம்.

இரண்டாவது, வங்கிக் கணக்கை மாற்றும் மோசடி. ஒப்பந்தகாரரின் மின்னஞ்சலை ஊடுருவியவர், அல்லது அதைப் போன்ற முகவரி ஒன்றை உருவாக்கியவர், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அடுத்த கொடுப்பனவைப் புதிய கணக்குக்கு அனுப்பவும்’ என்று எழுதுகிறார். பற்றுச்சீட்டும் கடிதத் தலைப்பும் அசலைப் போலவே இருக்கும். இவ்வகை மின்னஞ்சல் மோசடிகளால் 2023இல் தமக்கு முறையிடப்பட்ட இழப்பு மாத்திரம் 2.9 பில்லியன் அமெரிக்க டொலர் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கூறுகிறது. 2024இன் தொடக்கத்தில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் பணியாளர் ஒருவர் ஒரு காணொளிக் கலந்துரையாடலில் தன் மேலதிகாரிகளைப் பார்த்தார், குரலையும் கேட்டார், சுமார் 25 மில்லியன் டொலரை அனுப்பினார். திரையில் இருந்தவர்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். முகத்தைப் பார்த்துவிட்டோம் என்பது இனிமேல் போதுமான சான்று அல்ல.

மூன்றாவது, வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றுதல். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே ‘அக்கா, உங்களுக்குத் தவறுதலாக ஒரு ஆறு இலக்கம் அனுப்பிவிட்டேன், அனுப்பி விடுங்கோ’ என்று கேட்கப்படும். அனுப்பிய மறுகணமே கணக்கு கைமாறும். களத்தில் வேலை செய்யும் உத்தியோகத்தரின் வாட்ஸ்அப் போனால் அவர் இருக்கும் பயனாளிக் குழுக்களும் அதோடு போகின்றன. உத்தியோகத்தரின் பெயரிலேயே மக்களிடம் பணம் கேட்கலாம்.

நான்காவது, பயனாளியை நேரடியாக அழைத்தல். ‘உங்கள் மூன்றாம் தவணை வந்திருக்கிறது, தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் அழைக்கிறார். பெயரும் கிராம சேவையாளர் பிரிவும் கட்டடம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த விபரங்கள் கசிவது அலுவலகத்தில். பணம் போவதோ பயனாளியிடமிருந்து.

ஐந்தாவது, திருட்டே தேவையில்லாத கசிவு. கொமினிகேஷன் கடையில் அச்செடுக்கத் திறந்த மின்னஞ்சலை மூடாமல் வருவது, பட்டியல் உள்ள பென்டிரைவை பஸ்ஸில் தவறவிடுவது, அடையாள அட்டைப் படங்களை சொந்தத் தொலைபேசியில் எடுத்து வருடக்கணக்கில் வைத்திருப்பது, முழு விபரத்தோடு பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது, முகநூலில் பதிவிடும் வீடு கையளிப்புப் படத்தில் ஆவணம் தெளிவாகத் தெரிவது ஆகியன இதில் அடங்கும்.

பயிற்சி பலன் தருகிறதா?

வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் எல்லோரையும் இருத்தி, இரண்டு மணித்தியாலம் திரையில் காட்டி, தேநீரும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவதையே பல இடங்களில் பயிற்சி என்கிறார்கள். இதன் பலன் குறித்து ஆய்வுகள் சொல்வது உற்சாகம் தருவதாக இல்லை.

சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000க்கும் அதிகமான பணியாளர்களை 15 மாதங்கள் அவதானித்து, முடிவுகளை 2021இல் வெளியிட்டனர். போலித் தூண்டில் மின்னஞ்சல் அனுப்பி, சொடுக்கியவருக்கு உடனே பாடம் காட்டும் முறை பணியாளர்களை அவதானமுள்ளவர்களாக மாற்றவில்லை என்பதும், சில வேளைகளில் எதிர்மாறான விளைவைத் தந்தது என்பதும் அதன் முடிவு. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழக மருத்துவ நிறுவனத்தில் 19,500க்கும் அதிகமான பணியாளர்களிடம் எட்டு மாதங்கள் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையிலான தவறு வீத வித்தியாசம் அதில் 1.7 சதவீதம் மாத்திரமே.

அப்படியானால் பயிற்சி வீணா? சூரிச் ஆய்விலேயே இன்னொரு முடிவும் உண்டு. சந்தேகமான மின்னஞ்சலை ஒரே சொடுக்கில் முறையிடும் வசதியைப் பணியாளர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் கூட்டாக விரைவாகவும் பெருமளவு சரியாகவும் தாக்குதலைக் கண்டுபிடித்தனர். நீண்டகாலம் சென்றும் அவர்கள் சலிப்படையவில்லை.

வெரைசன் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு தரவு மீறல் அறிக்கையை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தூண்டில் மின்னஞ்சலைத் திறந்தவர் இணைப்பைச் சொடுக்க எடுக்கும் இடைநிலை நேரம் 21 செக்கன். தகவலை எழுதிக் கொடுக்க இன்னும் 28 செக்கன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் எவரும் ஒருபோதும் தவறக்கூடாது என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அதே அறிக்கையின்படி, போலிச் சோதனைகளில் 20 சதவீதமானோர் சொடுக்காமலேயே முறையிட்டனர். சொடுக்கியவர்களிலும் 11 சதவீதமானோர் பின்னர் முறையிட்டனர். அவர்களுடைய அந்த முறைப்பாடே அடுத்த மேசையில் இருப்பவரைக் காப்பாற்றுகிறது.

எனவே விழிப்புணர்வுத் திட்டத்தின் முதல் கேள்வி ‘எத்தனை பேர் சொடுக்கினார்கள்?’ என்பதாக இருக்கக்கூடாது. ‘எத்தனை பேர், எத்தனை நிமிடத்துக்குள் சொன்னார்கள்?’ என்பதாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் அலுவலகப் பண்பாடு குறுக்கே நிற்கிறது. தவறைச் சொன்னால் விளக்கக் கடிதம் வரும், இடமாற்றம் வரும், எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்க வேண்டும் என்றால் யார் சொல்வார்கள்? ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் இளம் பணியாளர் நிச்சயம் சொல்ல மாட்டார். கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலை முழு அலுவலகமும் பூட்டப்பட்டிருக்கும். உடனே சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்பதை நிறுவனத் தலைவர் எழுத்தில் அறிவிப்பது, எந்த மென்பொருளையும் விட மலிவான பாதுகாப்பு.

யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது யாருக்கும் பாடமாகாது. வேலைக்கேற்ப அது மாற வேண்டும்.

*வரவேற்பு மற்றும் தொலைபேசி உத்தியோகத்தர்கள்:* அழைப்பவர் அமைச்சிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் பயனாளியின் விபரத்தைத் தொலைபேசியில் சொல்வதில்லை. ‘உங்கள் அலுவலக எண்ணுக்கு நாங்களே திருப்பி எடுக்கிறோம்’ என்பது மரியாதைக் குறைவு அல்ல, நடைமுறை. இந்த வசனத்தைக் கூச்சமின்றிச் சொல்லப் பழக்குவதே அவர்களுக்கான பயிற்சி.

*கள உத்தியோகத்தர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும்:* தொலைபேசிக்குத் திரைப்பூட்டு, வாட்ஸ்அப்புக்கு இரு படிச் சரிபார்ப்பு. ஆவணப் படங்களை அலுவலக முறைமையில் ஏற்றியதும் தொலைபேசியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்தல். பட்டியலைக் குழுக்களில் பகிராதிருத்தல். பயனாளிகளைச் சந்திக்கும் ஒவ்வொரு தடவையும், ‘நாங்கள் ஒருபோதும் ஓ.டி.பி. கேட்கமாட்டோம்’ என்பதைத் தமிழில், வாயால் சொல்லுதல். துண்டுப்பிரசுரம் வாசிக்காத அம்மாவுக்கும் அது போய்ச்சேரும்.

*கணக்குப் பிரிவு:* வங்கிக் கணக்கு மாற்றம் எதுவும் மின்னஞ்சலை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ளப்படாது. ஏற்கெனவே கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிப்படுத்த வேண்டும். புதிய மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணுக்கு அழைக்கக்கூடாது. மாற்றத்தை ஒருவர் பதிந்தால் இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டும். ‘பணிப்பாளர் அவசரமாகச் சொன்னார்’ என்பது விதிவிலக்கு அல்ல. பணிப்பாளரே இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதப்பட்டிருந்தால்தான் முகாமைத்துவ உதவியாளர் துணிந்து ‘பொறுங்கோ சேர்’ என்று சொல்வார்.

*கணினிப் பொறுப்பாளர்:* இடமாற்றம் பெற்றோர், ஓய்வுபெற்றோர், திட்டம் முடிந்து போனோர் ஆகியோரின் கணக்குகளை அவர்கள் போகும் நாளிலேயே மூடுதல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கணக்குப் பட்டியலையும் பார்த்தல். ஹக்னியின் பாடம் இதுவே. முக்கிய தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வலையமைப்போடு இணையாத வேறிடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து தரவை உண்மையில் மீட்க முடிகிறதா என்பதை இடைக்கிடை செய்து பார்க்க வேண்டும். 2023இல் அரச மின்னஞ்சல்களுக்கு நேர்ந்தது, பிரதி இல்லாமல் போனதன் விலை.

*தலைவர்களும் பணிப்பாளர்களும்:* கடவுச்சொல்லைச் செயலாளரிடம் கொடுத்து வைப்பதை நிறுத்துதல். பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து அமருதல். சைபர் பாதுகாப்பை ‘ஐ.டி. பெடியன் பார்ப்பான்’ என்று விடாமல் மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தல்.

எல்லோருக்கும் பொதுவானவை இரண்டு உண்டு. ஒன்று, கடவுச்சொல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்க்கும்படி பிரித்தானியத் தேசிய சைபர் பாதுகாப்பு நிலையம் பரிந்துரைக்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகாது. மாதாமாதம் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையும் அந்த நிலையம் ஆதரிப்பதில்லை. அப்படிச் செய்தால் ஆட்கள் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவார்கள், அல்லது தாளில் எழுதி விசைப்பலகைக்குக் கீழே வைப்பார்கள். மற்றையது, கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக தொலைபேசியில் உறுதிப்படுத்தும் இரண்டாம் பூட்டு. அலுவலக மின்னஞ்சல் அனைத்துக்கும் இது கட்டாயமாக இருக்க வேண்டும். கடவுச்சொல் திருடப்பட்டாலும் கதவு உடனே திறக்காது.

முதல் ஒரு மணித்தியாலம்

சந்தேகமான ஏதோ நடந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஒரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டக்கூடிய விதத்தில் இது இருக்க வேண்டும்.

1. கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்கவும். கம்பியைக் கழற்றவும், வைஃபையை நிறுத்தவும். கோப்புகளை அழிக்க வேண்டாம். இயன்றவரை கணினியை அணைக்கவும் வேண்டாம், தடயங்கள் அழியலாம்.
2. பொறுப்பானவரைத் தொலைபேசியில் அழைக்கவும். மின்னஞ்சலில் எழுத வேண்டாம். அதை அந்நியர் வாசித்துக்கொண்டிருக்கலாம்.
3. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் வேறொரு சாதனத்திலிருந்து உடனே மாற்றவும். அதே கடவுச்சொல் பாவிக்கும் ஏனைய இடங்களிலும் மாற்றவும்.
4. பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழைக்கவும். கொடுப்பனவை நிறுத்தும் வாய்ப்பு நேரம் செல்லச் செல்லக் குறையும்.
5. இலங்கை செர்ட் எனப்படும் கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கவும். குற்றச்செயலாயின் பொலிஸில் முறையிடவும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குப் பொருந்தும்.
6. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைத் தாளில் எழுதி வைக்கவும்.

கணினியே இல்லாமல் ஒரு வாரம் அலுவலகத்தை எப்படி நடத்துவது என்பதையும் முன்கூட்டி யோசிக்க வேண்டும். திருத்த வேலைகளைப் பதிய ஒரு புத்தகம், முக்கிய தொலைபேசி எண்களின் அச்சுப் பிரதி, அவசரக் கொடுப்பனவுக்கான காகிதப் படிவம் என்பன போதும். கிளேரியனின் குடியிருப்பாளர்கள் பட்ட பாட்டில் ஒரு பகுதியையாவது இவை குறைத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களோடு அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. இனம், சமய நம்பிக்கை, உடல்நலம், சிறுவர் தொடர்பான தரவுகளை விசேட வகையாக அது கருதுகிறது. அதாவது பயனாளிப் பட்டியலின் பல நிரல்கள் இதற்குள் அடங்கும். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் தரவைச் சேகரிப்பது, தேவை முடிந்தபின் வைத்திருக்காதிருப்பது, பாதுகாப்பது, மீறல் நடந்தால் அதிகார சபைக்கு அறிவிப்பது ஆகியன அதன் அடிப்படைக் கடப்பாடுகள். நடைமுறைக்கு வரும் காலம் பின்தள்ளப்பட்டு 2025இல் திருத்தமும் செய்யப்பட்டதால், ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்ற எண்ணம் பல அலுவலகங்களில் நிலவலாம். மோசடிக்காரர் சட்டத்தின் திகதியைப் பார்த்து வருவதில்லை.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். பயனாளித் தெரிவில் அரசியல் செல்வாக்கும் ஊழலும் இருப்பதாக மக்கள் முறையிடும் நாட்டில், பட்டியலை மறைப்பது ஊழலுக்குத் துணைபோவதாகாதா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் கிடைத்த வெளிப்படைத்தன்மையை ‘தரவுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் திரும்பப் பறிக்க இடமளிக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றலாம். யாருக்கு வீடு கிடைத்தது, எந்தக் கிராம சேவையாளர் பிரிவு, மொத்தம் எத்தனை புள்ளி என்பன பகிரங்கமாக இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண், நோய் விபரம் ஆகியன அறிவித்தல் பலகைக்குப் போகத் தேவையில்லை. பலகைக்கென்று தனிப் பட்டியல் தயாரிப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடும் பழக்கத்தை உருவாக்குவதும் விழிப்புணர்வுப் பயிற்சியின் ஒரு பகுதியே.

எங்கிருந்து தொடங்கலாம்?

பணமில்லை என்பது உண்மையான தடை. ஆனால் தொடங்குவதற்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல. முதல் மாதத்தில், எந்தெந்தப் பட்டியல் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சொந்த ஜீமெயிலில், பழைய மடிக்கணினியில், முன்னாள் திட்ட உத்தியோகத்தரின் தொலைபேசியில் என்று எதிர்பாராத இடங்களில் எல்லாம் அவை இருக்கும். இரண்டாம் மாதத்தில், தேவையற்ற கணக்குகளை மூடி, இருக்கும் கணக்குகளுக்கு இரண்டாம் பூட்டைப் போடுங்கள். மூன்றாம் மாதத்தில், கணக்குப் பிரிவின் ‘திருப்பி அழைக்கும்’ விதியை எழுத்தில் கொண்டுவாருங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த மாதம் அலுவலகத்துக்கு வந்த உண்மையான மோசடிச் செய்தி ஒன்றைத் திரையில் காட்டி, ‘இதில் எது பிழை?’ என்று பணியாளர்களிடமே கேளுங்கள். வெளிநாட்டு ஆங்கிலக் காணொளியை விட அது நன்றாக மனதில் பதியும். காவலாளியும் சாரதியும் கூட அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கட்டும். அலுவலகச் சாவி அவர்களிடமும் இருக்கிறது.

முன்னேற்றத்தை அளவிடவும் எளிய வழிகள் உண்டு. இந்த மாதம் எத்தனை பேர் சந்தேகமான செய்தியை முறையிட்டார்கள்? முதல் முறைப்பாடு எத்தனை நிமிடத்தில் வந்தது? எத்தனை கணக்கு மாற்றங்கள் தொலைபேசியில் உறுதிப்படுத்தப்பட்டன? வேலையை விட்டுப் போனவரின் கணக்கு எத்தனை நாள் திறந்திருந்தது? இந்த நான்கு எண்களும் சான்றிதழ்களின் எண்ணிக்கையை விட அதிகம் சொல்லும்.

வீடு என்பது எங்கள் மக்களுக்கு இலகுவில் கிடைத்த ஒன்றல்ல. இடம்பெயர்ந்து, முகாமிலும் தகரக் கொட்டிலிலும் இருந்து, அல்லது தலைமுறைகளாக லயன் அறையில் இருந்து, பத்துப் படிவங்களை நிரப்பி, பத்து அலுவலகம் ஏறி இறங்கித்தான் ஒரு கல்வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் படிவங்களில் அவர்கள் எழுதிக் கொடுத்தது தங்கள் முழு வாழ்க்கையையும். அதை வாங்கி வைத்திருப்பவர்கள், மழைக்கு நனையாமல் கோப்பை அலுமாரியில் வைப்பதைப் போல, கணினியிலும் பூட்டி வைக்கக் கடமைப்பட்டவர்கள்.